சீப்புக்குப் பழகிய குட்டி

நாய் வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. பெங்களூரில் இருக்கும் மகனும் மருமகளும் ஆசைப்பட்டு ஒரு ஸ்பேனியல் குட்டியை வாங்கினார்கள். அடுக்குமாடிக்காரர்கள் முறைத்ததும் அதைக் காரில் போட்டுக்கொண்டு நேராக ஆம்பூருக்கு வந்து எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். கூடவே ஒரு பை. அதில் விதவிதமாகச் சீப்பு, பிரஷ், முடி வெட்டும் மெஷின், நகம் வெட்டும் கட்டர், ஷாம்பூ. என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு சீர்வரிசை வரவில்லையே என்றேன். மருமகள் சிரிக்கவில்லை.

அவளுக்குக் கவலை. இந்த வகை நாய்க்குக் காது நீளம், முடி மெல்லிசு. தினமும் வாராவிட்டால் காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் சிக்கு விழுந்து கம்பளி மாதிரி இறுகிவிடுமாம், உள்ளே தோல் புழுங்கிப் புண்ணாகிவிடுமாம். குட்டியாக இருக்கும்போதே சீப்புக்கும் கைக்கும் பழக்கிவிட வேண்டும், இல்லையென்றால் ஆயுசுக்கும் கடிக்கும், மயக்க ஊசி போட்டுத்தான் மொட்டையடிக்க வேண்டியிருக்கும் என்றாள். முதல் நாளே சீப்பை எடுக்க வேண்டாம், சும்மா காலை, காதை, வாயைத் தொட்டுத் தொட்டுப் பழக்குங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

நான் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறேன். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாயும்போதுதான் இறங்குவேன். தோலைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உயிரோடு இருக்கிற தோல்தான் பழக்கமில்லை. எங்கள் தெருவின் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, முடி துடைப்பமாகிவிடும். அதனால் குட்டியைக் கேன் தண்ணீரில் குளிப்பாட்டினேன். குடிக்கிற தண்ணியில நாயக் குளிப்பாட்டுறாங்க என்று பக்கத்து வீட்டுக்காரி தெருவுக்கே தமுக்கடித்தாள். துவட்டிவிட்டுச் சீப்பை வைத்தேனோ இல்லையோ, குட்டி என் சுண்டுவிரலைக் கவ்விவிட்டது. பால் பல்தான், ஆனால் குண்டூசி தோற்றுவிடும். வலி தாங்காமல் முதுகில் ஒன்று போட்டேன். அது கட்டிலுக்கடியில் போய் ஒண்டிக்கொண்டது. பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது, பொய் சொல்வானேன்.

என் வீட்டுக்காரர்தான் கட்டிலுக்கடியில் கைவிட்டு அதை வெளியே எடுத்தார். அவர் டேனரியில் செலக்டர். பதனிட்டு வந்த தோலை வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் மேஜைமேல் விரித்து, விரலால் தடவி, எது முதல் தரம், எது கழிவு என்று பிரிக்கிற வேலை. கீறலையும் உண்ணி கடித்த தழும்பையும் கண் பார்த்துவிடும். ஆனால் மேல் தோலுக்கும் உள் தோலுக்கும் பிடிப்பு விட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, கட்டைவிரலுக்குத்தான் தெரியும். அது தெரியாமல் அனுப்பினால் ஷூவாகிப் போட்ட மாதத்திலேயே சுருக்கம் விழுந்துவிடும். டேனரியில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முதலாளியிலிருந்து வாட்ச்மேன் வரை செலக்டர், செலக்டர்தான்.

அந்தச் சமயம் கொஞ்ச நாளாக அவர் பேச்சைக் குறைத்திருந்தார். ஏதோ கோபம் என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன். குட்டி வந்த பிறகு வேலை விட்டு வந்ததும் அதைத்தான் தேடினார். பழைய மேஜைமேல் சாக்கை விரித்து, வழுக்காமல் அதை நிறுத்தி, இடது கையை அதன் வாயோரம் கொடுத்துவிடுவார். அது விரலை மென்றுகொண்டே நிற்கும். இவர் வலது கையால் மெல்ல வாருவார். முதலில் முதுகு, பிறகு கால், கடைசியில் காது. குட்டி திமிறாது. கோழி ஈரல் ஒரு துண்டு கொடுத்தால் நகம் வெட்டக்கூடக் காலை நீட்டியது. பக்கத்து வீட்டுக்காரியே வந்து பார்த்துவிட்டு, இன்னா பொறுமை உங்க வீட்டுக்காரருக்கு என்று மூக்கில் விரலை வைத்தாள். எனக்குப் பெருமை ஒருபக்கம், எரிச்சல் ஒருபக்கம். கையில் ஒரு முள் குத்தினால் ஊரைக் கூட்டுகிற மனுஷன் இவர். அதோடு வாரி முடித்ததும் குட்டியின் காதைத் தூக்கி அடியில் கன்னத்தை வைத்துத் தேய்ப்பார், உதட்டை வைப்பார். பெத்த பிள்ளையைக்கூட இப்படிக் கொஞ்சவில்லையே என்று வாய்விட்டே கேட்டேன். அவர் குட்டியின் மறு காதைத் தூக்கினார்.

மழைக்காலம் முடிந்த சமயம். ஒருநாள் நான் பஸ் இறங்கி உள்ளே நுழைந்தபோது குட்டியின் காது முழுக்க ரத்தம். சாக்கிலும் சொட்டியிருந்தது. கத்தரியால் காதை வெட்டிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. கண் எங்கே வைத்திருந்தீர்கள் என்று கத்திக்கொண்டே குட்டியைப் பிடுங்கினேன். காதைப் புரட்டினேன், கழுத்தைத் தடவினேன், எங்கும் காயமில்லை. குட்டி வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அவரும் என்னோடு சேர்ந்து அதன் முடியை விலக்கி விலக்கிப் பார்த்தார்.

"எங்க வெட்டுச்சுன்னு தெரியலயே," என்றார்.

அவர் பார்க்கப் பார்க்க முடி இன்னும் சிவந்துகொண்டே போனது. அப்போதுதான் அவர் இடது கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலில் நகக்கண்ணோரம் சதை கிழிந்து தொங்கியது. ரத்தம் அங்கிருந்துதான். கையைப் பிடித்து அவர் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினேன். யாரோ அடுத்தவர் கையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

அவருக்குச் சுகர் பல வருஷமாக இருக்கிறது. காலில் உணர்ச்சி போய்விட்டது எனக்குத் தெரியும். விரலும் மரத்துக்கொண்டே வந்திருக்கிறது, என்னிடம் மூச்சு விடவில்லை. டேனரி மேஜையில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார்.

"கன்னத்துல வெச்சா தெரியுது. ஒதட்டுல இன்னும் நல்லா தெரியுது. யாரும் பாக்காத நேரமா பாத்து வெப்பேன்."

குட்டியின் காதுக்கடியில் அவர் கன்னத்தை வைத்தது கொஞ்சல் இல்லை. சிக்கு இருக்கிறதா என்று தேடியிருக்கிறார். என்னையறியாமல் அழுகை வந்தது, அழுதுகொண்டே திட்டினேன். யாரிடமும் சொல்லாதே என்றார். செலக்ஷன் மேஜையை விட்டு இறங்கிவிட்டால் அங்கே என்னை இன்னான்னு கூப்பிடுவாங்க என்று கேட்டார். வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். போனது திரும்பி வராது, மீதியையாவது காப்பாற்றுவோம் என்று டாக்டர் மாத்திரை எழுதினார். என் வீட்டுக்காரர் மறுநாளே வேலைக்குப் போனார். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

எவ்வளவு நாள் மறைக்க முடியும்? மேஸ்திரி ஒருநாள் பார்த்துவிட்டார். ஜன்னலோரம் தோலை முகத்தில் போர்த்துக்கொண்டு நின்றவரைத் தூக்கக் கலக்கம் என்று நினைத்துத்தான் தோளைத் தொட்டிருக்கிறார். கண்ணை மூடச் சொல்லி ஒரு நல்ல தோலையும் ஒரு கழிவுத் தோலையும் கையில் கொடுத்தாராம். இவர் இரண்டையும் தடவிவிட்டுத் தெரியலை என்று சொல்லிவிட்டார். நல்ல மனுஷர்கள், வீட்டுக்கு அனுப்பவில்லை. வாசல் கேட்டில் நாற்காலி போட்டு, உள்ளே வருகிற லாரியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். செலக்டர் என்று இப்போது வேறொருவரைக் கூப்பிடுகிறார்கள். அந்தக் குரல் வாசல் கேட் வரைக்கும் கேட்கிறது, திரும்பாமல் இருக்க இன்னும் பழகவில்லை என்று ஒருநாள் சோறு சாப்பிடும்போது சொன்னார். பாதித் தட்டோடு எழுந்துவிட்டார்.

பொங்கலுக்கு மகனும் மருமகளும் வந்தார்கள். நாங்கள் எதையும் சொல்லியிருக்கவில்லை. மாமா நன்றாகப் பழக்கியிருக்கிறாரே என்று மருமகள் ஆசையாகக் குட்டியைத் தூக்கிச் சாக்கில் நிறுத்தினாள். அவர் செய்கிற மாதிரியே இடது கையை அதன் வாயோரம் கொடுத்துச் சீப்பை வைத்தாள். அது ஒரே கடி. பால் பல் விழுந்து நிஜப் பல் முளைத்திருந்தது, உள்ளங்கையில் ஆழமாக இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடி ஊசியும் போட்டுக்கொண்டு வந்தாள். மகன் கொதித்துப்போய், இது சரிப்படாது, யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றான்.

அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது. அது சீப்புக்குப் பழகவே இல்லை. சீப்பு மேலே பட்டால் கடிக்கலாம், கடித்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று பழகியிருந்தது. அன்றைக்கு அவர் விரலைக் கிழித்ததும் அதன் பல்தான். குட்டியைத் தாய் நாயிடம் விட்டிருந்தால், அது பலமாகக் கடிக்கும்போது கூடப் பிறந்ததுகள் கீச்சென்று கத்தியிருக்கும், தானாக அடங்கியிருக்கும் என்று மருமகள் கட்டுப் போட்ட கையோடு சொன்னாள். மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான்.

"குட்டி மேல தப்பு இல்லடா," என்றார் அவர். "வலிக்கும்னு அதுக்கு நான்தான் சொல்லவே இல்ல. குடுத்துடாத. அதுவாவது என்கிட்ட இருக்கட்டும்."

கொடுக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறோம். பல் பட்டதும் கத்த வேண்டும், கையை எடுத்துக்கொள்ள வேண்டும், கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். வேறு யார் கையிலும் அது நிற்பதில்லை, அதனால் வாருவது அவர்தான். பல் எப்போது பட்டதென்று அவருக்குத் தெரியாதே. ஆகவே கம்பெனி விட்டு வந்து, முகம்கூடக் கழுவாமல் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அதன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் விரலில் பல் படும்போது நான் கத்துகிறேன். முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது நிஜமாகவே வலிக்கிற மாதிரி வருகிறது.

நேற்று காதை வாரும்போது அவர் கொஞ்சம் இழுத்துவிட்டார் போல. குட்டி வெடுக்கென்று திரும்பிக் கட்டைவிரலைப் பிடித்தது. நான் ஆவென்று அலறினேன். அது உடனே வாயை எடுத்துவிட்டு, பயந்து அவர் முகத்தைப் பார்த்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"பலமா கட்ச்சிடுச்சா?" என்று கேட்டார்.

லேசாகத்தான் என்று சொல்லிவிட்டு, அவர் பார்ப்பதற்குள் அந்த விரலை என் முந்தானையில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன்.