பச்சைப் புள்ளி வைத்த தார்ப்பாய்

புதுச் சரக்கைப் பழசாக்கி விற்கிற வியாபாரியை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? என் வீட்டுக்காரர் அப்படித்தான் விற்றார். தார்ப்பாய், கயிறு, டார்ச் லைட், மழைக்கோட்டு, ஃபிளாஸ்க், மடக்கு நாற்காலி என்று வெட்டவெளியில் நிற்கிறவனுக்கு வேண்டியதெல்லாம் எங்கள் கடையில் கிடைக்கும். ஆனால் எதையும் ஒரு ராத்திரி வெளியே கொண்டுபோய் வைத்துப் பார்க்காமல் விற்கமாட்டார். ஏரிக்கு அக்கரையில், குன்றின் அடியில் ஒரு பெரிய பாறை இருக்கிறது. தார்ப்பாய் என்றால் அங்கே கட்டி அதன் கீழ் படுப்பார். கயிறு என்றால் மரத்தில் கட்டி, அந்தத் தொப்பையோடு தொங்கிப் பார்ப்பார். தேறினால் ஓரத்தில் பச்சைப் பெயின்டில் ஒரு புள்ளி. தேறாவிட்டால் அனுப்பினவனுக்கே திருப்பிவிடுவார்.

இதனால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. புது மழைக்கோட்டுப் பையில் தூண்டில் முள் இருக்கும். மடக்கு நாற்காலியில் மீன் வாடை அடிக்கும். ஒருமுறை பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வாங்கிப்போன புது ஃபிளாஸ்க்கைத் திறந்தால், உள்ளே பாதி டீ. சண்டைக்கு வந்துவிட்டார் என்று நான் உள்ளே ஒளிந்துகொண்டேன். அவரோ சாவகாசமாக, "காலையிலயும் சூடாத்தான் இருந்துச்சு. சர்க்கரைதான் கம்மி" என்று சொல்லிவிட்டு இன்னொன்று வாங்கிப்போனார்! இப்படிப்பட்ட ஊரில் அவருக்கு எப்படிப் புத்தி வரும்?

சனிக்கிழமை மத்தியானம் ஆனால் கால் தரையில் நிற்காது. தூண்டிலையும் சோதிக்க வேண்டிய சரக்கையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு, "முதலாளியம்மா, கடையைப் பார்த்துக்க" என்பார்.

"ஆமா, நான் முதலாளியம்மா. நீங்க காட்டு ராஜா. போயிட்டு வாங்க."

"ஒரு தடவை நீயும் வாயேன்."

"கொசுவுக்கு நம்ம வீட்டுலேருந்து ஒரு ஆள் போதும்."

சிரிப்பார். கிளம்பும்போது வாசலில் நின்று ஒன்று மட்டும் மறக்காமல் சொல்லுவார்: "மாடி லைட்டை அணைச்சிடாதே. அங்கேருந்து பார்த்தா தெரியுது."

"அவ்வளவு பெரிய ஏரிக்கு அந்தப் பக்கத்துலேருந்து நம்ம வீட்டு பல்பு தெரியுதா? யாரு காதுல பூ சுத்துறீங்க? விடிய விடிய எரிஞ்சா கரண்ட் பில் யாரு கட்டுறது?"

முணுமுணுத்துக்கொண்டே போட்டு வைப்பேன். ஒருநாளும் அணைத்ததில்லை.

அவர் அங்கே போகிற ராத்திரியெல்லாம் பாம்பு கடித்துவிடுமோ, ஏரியில் வழுக்கி விழுந்துவிடுவாரோ என்று எனக்குத் தூக்கமே வராது. காடும் ஏரியும் அவரை ஒன்றும் செய்யவில்லை. ஒரு திங்கட்கிழமை, கடையில், மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்து யாருக்கோ கயிறு அளந்துகொண்டிருந்தார். அப்படியே கல்லா மேஜைமேல் சாய்ந்தார். "என்னங்க, என்னங்க" என்று உலுக்கினேன். கயிறு கையில் சுற்றியபடியே இருந்தது. மனிதர் போய்விட்டார்.

கடையை மூடிவிடலாம் என்று பிள்ளைகள் போனில் சொன்னார்கள். மூடிவிட்டு நான் எங்கே போய் உட்காருவது? என் தம்பியைத் துணைக்கு வைத்துக்கொண்டு திறந்தேன். வருகிறவர்கள் எல்லாரும் ஓரத்தைப் புரட்டிப் புள்ளியைத் தேடினார்கள். புள்ளி வைத்த சரக்கு ஒவ்வொன்றாகப் போனது. ஒவ்வொன்று போகும்போதும் அவரே கடைவாசலை விட்டு இறங்கிப்போகிற மாதிரி இருக்கும் எனக்கு. கடைசியில் ஒரே ஒரு தார்ப்பாய் மிஞ்சியது, அவர் கடைசி சனிக்கிழமை படுத்தெழுந்தது. அதை மடித்து மேல் தட்டில், பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

மழைக்காலம் தொடங்கியதும் நடைபாதையில் பழைய புத்தகம் விற்கிறவர் வந்தார். அவருடைய தார்ப்பாய் காற்றில் கிழிந்துவிட்டதாம். ஒரு மழை உள்ளே இறங்கினால் மொத்தப் பிழைப்பும் கூழாகிவிடும். புதுத் தார்ப்பாயை எடுத்துப் போட்டேன். நாலு மூலையையும் புரட்டிப் பார்த்தார்.

"அண்ணி, இதுல அண்ணன் படுத்துப் பார்க்கலையே."

"அண்ணன் எங்கேருந்துங்க வருவாரு?"

மனிதர் தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சுக்குங்க அண்ணி. நாளைக்கு வரேன்" என்று போய்விட்டார்.

தம்பி பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தான். "பச்சைப் புள்ளிதானேக்கா? நாமளே வெச்சுட்டா போச்சு. யாருக்குத் தெரியப்போகுது?"

எனக்கு வந்ததே கோபம்! "எனக்குத் தெரியும்டா! உன் மாமா முதுகு நனைஞ்சு வெச்ச புள்ளிடா அது. கீழ வை டப்பாவை!" கத்திய கத்தலில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அப்புறம் எனக்கே என்ன தோன்றியதோ, புதுத் தார்ப்பாயைத் தூக்கி அவன் கையில் போட்டேன். "உன் வேனை எடு. ஏரிக்குப் போறோம்."

"மழை வர்ற மாதிரி இருக்குக்கா."

"வரட்டும். அதுக்குத்தானே போறோம்."

அந்தப் பாறையை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். அடுப்பு மூட்டிக் கறுத்த மூன்று கற்கள். மரத்தில் ஒரு ஆணி, லாந்தர் மாட்டுவதற்கு. நான் கட்டிய லட்சணத்தில் தார்ப்பாய் ஒருபக்கம் தொப்பை போட்டது, அவரை மாதிரியே. தம்பி கொசுவுக்குப் பயந்து வேன் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டான். மழை பிடித்துக்கொண்டது. நான் தார்ப்பாயின் கீழ் உட்கார்ந்து, ஒரு சொட்டாவது இறங்குகிறதா என்று அண்ணாந்து பார்த்தபடியே இருந்தேன். இறங்கவில்லை.

மழை விட்டபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அக்கரையில் ஊர் ஒவ்வொரு விளக்காகப் போட்டது. தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் மாவு மில். அடுத்தது எங்கள் வீடு. பாவி மனுஷன் பொய் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு மாடி பல்புகூடத் துல்லியமாகத் தெரிந்தது. எங்கள் மாடி மட்டும் இருட்டாகக் கிடந்தது. விளக்குப் போட்டு வைக்க அங்கே யார் இருக்கிறார்கள்? இத்தனை வருஷமும் இங்கே உட்கார்ந்துகொண்டு அவர் பார்த்தது மீனையா, ஏரியையா? என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குத் தாங்கவில்லை. வேனுக்குக் கேட்டால் கேட்கட்டும் என்று வாய்விட்டு அழுதேன்.

ராத்திரி அங்கேயே படுத்திருந்துவிட்டு, விடிந்ததும் கடைக்கு வந்து, அந்தத் தார்ப்பாயின் ஓரத்தில் என் கையாலேயே புள்ளி வைத்தேன். புத்தகக்காரர் வந்து புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"யாரு அண்ணி படுத்துப் பார்த்தது?"

"நான்தான். நனையலை. தைரியமா எடுத்துட்டுப் போங்க."

அடுத்த சனிக்கிழமை டார்ச் லைட்டுகளும் கயிறும் வேனில் ஏறின. கீழே விரித்துக்கொள்ள, மேல் தட்டில் ஒளித்துவைத்திருந்த அவருடைய தார்ப்பாயையும் எடுத்துக்கொண்டேன். வீட்டைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது தம்பி மேலே பார்த்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, மாடி லைட்டு எரியுது. ஆளில்லாத வீட்டுல அது எதுக்கு? கரண்ட் பில் யாரு கட்டுறது?"

"நான் கட்டுறேன். நீ வண்டியை எடு."

அன்றைக்குச் சாயங்காலம் பாறையில் உட்கார்ந்து பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி, மாவு மில், அடுத்தது எங்கள் மாடி விளக்கு. வீட்டில் அவர் இருக்கிறார் என்று கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டேன்.