நாற்பது காய்களில் பாதி கறுப்பு

அந்தக் காய் திரும்பி வந்தபோது நான் போட்ட சத்தத்துக்குக் கேன்டீனே திரும்பிப் பார்த்தது.

ஓசூரில் நான் டூல் ரூமில் வேலை பார்க்கிறேன். எங்கள் கம்பெனிக்குப் புது மெஷின் வந்தபோது, அதை ஓட்டப் பழக்குவதற்கு ஜப்பானிலிருந்து ஒரு என்ஜினியர் வந்தார். ஏறக்குறைய என் வயதுதான். சாப்பாட்டு இடைவேளையில் ஒரு பலகையை விரித்து, புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு தனியாக ஆடுவார். அவர்கள் ஊர்ச் செஸ், பெயர் ஷோகி. காய்கள் தட்டையாக, ஒரு பக்கம் மட்டும் கூராக இருக்கும். ஆளுக்கு இருபது, மொத்தம் நாற்பது. நாற்பதும் ஒரே மர நிறம்.

“இவ்ளோ பெரிய மெஷின் செய்யறாங்க, ஒரு டப்பா பெயின்ட் கெடைக்கலியாண்ணா?” என்றான் பக்கத்து மெஷின்காரன். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஆள். வீட்டில் தெலுங்கு, லைனில் தமிழ், சண்டை என்றால் கன்னடம்.

எனக்கும் அதே எண்ணம்தான். எங்கள் வேலையில் நிறம்தான் எல்லாம். பச்சை டப்பா நல்ல பீஸ், சிவப்பு டப்பா கழிவு. அதனால் அவர் ஊருக்குப் போகும் நாள் தெரிந்ததும், இன்சார்ஜிடம் கேட்டுக்கொண்டு, வெட்டிப் போட்ட இரும்புத் துண்டுகளில் நாற்பது காய் செய்தேன். ஒரு மாதச் சாப்பாட்டு இடைவேளை முழுக்க அதிலேயே போயிற்று. காய்களின் மேல் இருக்கும் ஜப்பான் எழுத்துகளைப் போட்டோ பார்த்துச் செதுக்கினேன். இருபதைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டேன். மற்ற இருபதைக் கறுப்பேற்றினேன்.

கடைசி நாள் மதியம் கொடுத்தேன். எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக் குனிந்தார். கறுப்புக் காய்களை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு, “சூப்பர், சூப்பர்” என்றார்.

“சார், கார் வர இன்னும் நேரம் கீது. அண்ணன்கூட ஒரு ஆட்டம் போடுங்க” என்று பக்கத்து மெஷின்காரன் பிடித்து உட்கார வைத்துவிட்டான்.

எந்தக் காய் எப்படி நகரும் என்பதை மட்டும் அவர் முன்பே எனக்குக் காட்டியிருந்தார். முழு ஆட்டம் ஆடியதில்லை. நான் கறுப்பு. என் குதிரையை வெட்டித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். செஸ்ஸில் நடப்பதுதானே என்று விட்டுவிட்டேன். நாலு நகர்த்தல் கழித்து அதே கறுப்புக் குதிரையை எடுத்தார். கூர்முனையை என் பக்கம் திருப்பி, என் ராஜாவைக் குறிவைத்துக் காலிக் கட்டத்தில் ‘டக்’கென்று வைத்தார்.

“சார்! அது செத்துப்போச்சு சார்!”

“நோ டெட்” என்றார். கொஞ்சம் யோசித்து, “ஜாப் சேஞ்ச்” என்றார்.

“அண்ணா, உன் குதிரை எதிர் கம்பெனில சேந்துடுச்சுண்ணா!” கேன்டீன் சிரித்தது.

சிவப்பு டப்பாவுக்குப் போன பீஸ் ஒன்று லைனுக்குத் திரும்பி வந்தால் வேலையே போகும் இடத்தில் பதினாறு வருஷம் இருந்தவன் நான். வெட்டுப்பட்ட காய் நடுப்பலகையில் நிற்கிறது, அதுவும் என்னைப் பார்த்து!

அடுத்து நடந்ததுதான் பேரதிர்ச்சி. என் கை தானாகப் போய் அந்தக் குதிரையை எடுத்தது. கறுப்பாயிற்றே, என்னுடையதுதானே? அவர் மெல்ல என் விரலைத் தொட்டு நிறுத்தினார்.

அப்போதுதான் உறைத்தது. கூர் யாரைப் பார்க்கிறதோ அவருக்கு எதிரே இருப்பவரின் காய். நேற்று என்னுடையது இன்று அவருடையது. அதனால்தான் நாற்பதும் ஒரே நிறம். நான் பார்த்துப் பார்த்துச் செய்த நிறம் ஆடுகிறவனை ஏமாற்றத்தான் உதவும்.

“கையில வாங்கும்போதே தெரிஞ்சுதா சார்? சொல்லக் கூடாதா?”

அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். “யூ மேட்” என்றார், நீங்கள் செய்தது என்று. அவ்வளவுதான். ஒரு வார்த்தை சொல்லாமல் கொண்டுபோய் வீட்டு அலமாரியில் வைத்திருப்பார். நினைக்கவே காது சுட்டது.

காய்களை வாரினேன்.

“விடுண்ணா, கார் வந்துடும்!”

“ஆடத்தான்டா செஞ்சேன். அலமாரில வெக்கவா?”

பிளேட்டிங் பிரிவில் ஆசிட் தொட்டி இருக்கிறது. கையுறை மாட்டிக் கறுப்புக் காய்களை அதில் இறக்கினேன். சில நிமிடத்தில் நிறம் கழன்றது. ஆனால் மங்கலான சாம்பலாக வந்தது. பாலிஷ் போட்டவற்றின் பக்கத்தில் வைத்தால் குருடனுக்கும் வித்தியாசம் தெரியும். வெளியே ஹாரன் கேட்டது. பளபளத்த இருபதையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றேன். பிறகு அவற்றையும் தொட்டிக்குள் விட்டேன்.

கழுவி, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி காருக்கு ஓடினேன். அவர் பிரித்துப் பார்த்தார். நாற்பதும் ஒரே சாம்பல். இந்த முறை “சூப்பர்” சொல்லவில்லை. ஒரு குதிரையை எடுத்து நீட்டி, “யுவர்ஸ்?” என்று கேட்டார்.

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் நானே அரம் போட்டவன். கண்டுபிடிக்க முடியவில்லை.

“தெரியல சார்” என்றேன். அவர் அதைத் திரும்ப வாங்கிக் கையில் பிடித்தபடியே காரில் ஏறினார்.