பெரியப்பா கேட்ட மூன்று கேள்விகள்

வளைகுடாவில், நஜ்மா என்ற பகுதியில் நாங்கள் குடியிருந்த கட்டடத்துக்கு ஒரு கென்யாக்காரர் செக்யூரிட்டியாக வந்த அன்றே, எங்களோடிருந்த பெரியப்பா எங்கள் வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டார். அந்த மனிதர் சிரித்தால், "என்னத்துக்குச் சிரிக்கான்?" என்பார். சிரிக்காவிட்டால் முறைக்கிறான் என்பார். பாவம், அவர் முகத்தை எங்கேதான் கொண்டுபோய் வைப்பார்?

பெரியப்பா காலை டீயோடு போனில் செய்தி வாசிப்பார். திருடியவன் ஆப்பிரிக்கன் என்றால் தலைப்பிலேயே நாட்டின் பெயர் இருக்கும். அதைச் சத்தமாக வாசிப்பார். நம்மூர்க்காரன் திருடினால் 'ஒரு நபர்' என்றுதான் போட்டிருக்கும். அதைத் தள்ளிவிட்டுக் கிரிக்கெட்டுக்குப் போய்விடுவார்.

"அந்தக் காலத்துல அரபிக்காரன் இவனுவளச் சங்கிலியில கெட்டி அடிமையா வச்சிருந்தானாம். சும்மாவா கெட்டுவான்?" என்று ஒருநாள் அம்மாவிடம் கேட்டார். அம்மா நர்ஸ், நாலு விஷயம் தெரிந்தவள். அவளும் தலையாட்டினாள். அவர்கள் முத்துக்குளிக்கவும் பேரீச்சந்தோப்பில் உழைக்கவும் கடல் தாண்டி விலைக்கு வாங்கிவந்த மனிதர்கள் என்பதை நான் பிற்பாடுதான் படித்தேன். அந்த வயதில், கட்டிவைத்தார்கள் என்றால் ஏதாவது செய்திருப்பார்கள் என்றே நானும் நம்பினேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. பூனைக்குட்டி பார்க்கிற ஆசையில் ஒரு வியாழக்கிழமை ஸ்கூல் பஸ்ஸிலிருந்து தோழியோடு அவள் தெருவிலேயே இறங்கிவிட்டேன். குட்டியைக் கொஞ்சிவிட்டுத் தனியாக வீட்டுக்கு நடந்தவள் வழியைத் தவறவிட்டேன். கொளுத்துகிற வெயிலில் ஒரு சலூன் வாசலில் நின்று ஓவென்று அழுதேன். டியூட்டிக்கு வந்துகொண்டிருந்த எங்கள் செக்யூரிட்டிதான் என்னை அடையாளம் கண்டார். தண்ணீர் வாங்கிக் கொடுத்து, கையைப் பிடித்து வீடுவரை கூட்டிவந்தார்.

கதவைத் திறந்த பெரியப்பா என்னை வெடுக்கென்று உள்ளே இழுத்தார்.

"ஏட்டி, கையப் பிடிச்சானா?"

ஆமா என்றேன்.

"அழுதியா?"

ஆமா.

"பயந்துட்டியா?"

ஆமா. மூன்றும் சத்தியமான உண்மை. அடுத்து, எங்கே போயிருந்தாய் என்று கேட்பார், முதுகுத் தோல் உரியப்போகிறது என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். அவர் கேட்கவே இல்லை. அப்பாடா என்றிருந்தது.

அரைமணி நேரத்தில் எங்கள் ஹாலில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். செக்யூரிட்டியின் சூப்பர்வைசரும் வந்தார். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். செக்யூரிட்டி என் முன்னால் குனிந்து, "சொல்லும்மா, உன்னை நான் எங்கே பார்த்தேன்?" என்று இங்கிலீஷில் கெஞ்சினார். அவர் முகத்தைப் பார்த்தேன். பெரியப்பாவின் பெல்ட்டையும் பார்த்தேன். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

"பாத்தியளா, பிள்ள எப்படிப் பயப்படுகுன்னு!" என்றார் பெரியப்பா.

அதோடு செக்யூரிட்டியின் வேலை போயிற்று. அந்த வாரமே ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிய கதை ஒரு செய்தித் தளத்திலும் வந்தது. தலைப்பில் கென்யா இருந்தது, அவர் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. 'எட்டு வயதுச் சிறுமி' என்று நான் இருந்தேன். வெட்கங்கெட்டவள், அதைத் தோழிகளிடம் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

ஒரு பொய்கூடச் சொல்லாமல் அடியிலிருந்து தப்பித்தது என் சாமர்த்தியம் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அந்த ஹாலில் யாருக்கும் என் பொய் தேவைப்படவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.