டிராக்டருக்குக் கட்டிய பரிவட்டம்

போன வாரம் என் பேரனின் கார் முக்கி முனகியது. ஆக்சிஜன் சென்சார் போய்விட்டதாம். மெக்கானிக் விரல் நீளத்தில் ஒரு சாமானைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினார். "காத்து சரியா இருக்கா இல்லையான்னு வண்டிக்குச் சொல்ற சாமான், அப்பாயி" என்றான் பேரன். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காற்றில்லாமல் ஒரு வண்டி பட்ட பாட்டைப் பாவாடை கட்டிய வயதிலேயே பார்த்தவள் நான்.

குடவாசல் பக்கம் எங்கள் ஊர். ஆட்சி மாறிய புதிது. பண்ணையாரின் வேட்டிக்கரையும் கூடவே மாறியிருந்தது. பூசை மட்டும் மாறவில்லை. கூலிச் சண்டை நடந்துகொண்டிருந்த அந்தக் குறுவையில்தான் அவர் டிராக்டர் வாங்கினார். அதன் பின்னால் ஓடி என் பாவாடை முள்ளில் கிழிந்ததும், அதற்கு அம்மாவிடம் வாங்கியதும் தனிக்கதை. வண்டியின் முன்பக்கம் இரண்டு குழாய்கள். ஒன்று புகை விடும். இன்னொன்றின் உச்சியில் தொப்பி போட்ட தலைபோல ஒரு குமிழ். அது தலையேதான் என்று முடிவுகட்டிய பண்ணையார், கோயிலில் தனக்குக் கட்டும் பட்டுப் பரிவட்டத்தை மடித்து மடித்து அதற்குச் சுற்றினார்.

வண்டி வயலில் இறங்கியது. கறுகறுவென்று புகை கக்கியது. இருமியது. நின்றுவிட்டது.

"டீசல்ல எவனோ சக்கரையப் போட்டுட்டான்!" என்றார் பண்ணையார்.

எவனோ என்றால் என் அப்பாதான். பண்ணைக்கு ஏர் ஓட்டுபவர், சங்கத்துக் கொடியும் பிடிப்பவர். முதல் நாள் சாயங்காலம் வண்டி நின்ற கொட்டகையில் மாடுகளுக்கு வைக்கோல் போட்டவரும் அவரே. அவரைக் களத்தில் உட்காரவைத்துவிட்டுப் போலீசுக்கு ஆள் அனுப்பினார்கள். நான் அழுதேன். அப்பாவுடன் பிறந்த அத்தையா அழுவாள்? "எங்க வூட்ல டீத்தண்ணிக்கே சக்கரையக் காணும். ஒங்க வண்டிக்கு எங்கேருந்துங்க போடுறது?" என்று கேட்டாள்.

பாபநாசத்திலிருந்து மெக்கானிக் வந்தார். பரிவட்டத்தைப் பக்தியோடு அவிழ்த்து வைத்துவிட்டு டீசல் ஃபில்டரை மாற்றினார். வண்டி ஜம்மென்று உறுமியது. பண்ணையார் கற்பூரம் காட்டிப் பரிவட்டத்தை மறுபடி கட்டினார். மறுபடி இருமல்.

மெக்கானிக் புகையைப் பார்த்தார், குமிழைப் பார்த்தார், பண்ணையாரைப் பார்த்தார். என்ஜின் மூச்சு இழுப்பதே அந்தக் குமிழ் வழியாகத்தான். 'மூக்கைப் பொத்தினது நீங்கதான்' என்று பண்ணையாரிடம் எப்படிச் சொல்வது?

"ஐயா, மரியாதையப் புகை பக்கத்துல வைக்கலாமுங்களா? பட்டு கருத்துப்போயிடும். ஸ்டியரிங்குக்குக் கட்டிடுவோங்க."

"நானும் அதத்தான்யா நெனச்சேன்" என்றார் பண்ணையார்.

அப்புறம் வண்டி நிற்கவேயில்லை. சர்க்கரையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வந்த போலீசுக்கு மோர் கொடுத்து அனுப்பினார்கள். "போ, போயி வேலையப் பாரு" என்று அப்பாவையும் விட்டுவிட்டார்கள்.

என் அப்பாவைக் காப்பாற்றிய வண்டியல்லவா! வரப்பில் கூடவே ஓடி ஓடிக் கைதட்டினேன். அப்பா ஏர் பிடித்து நாள்கணக்கில் உழும் வயலை, அது பொழுது சாய்வதற்குள் சேறாக்கி முடித்தது. அப்பா வேலைக்கும் போகாமல், வீட்டுக்கும் வராமல், அந்தச் சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். வண்டியை ரசிக்கிறார் என்று நினைத்து நான் இன்னும் பலமாகக் கைதட்டினேன்.