விருது மேடைப் பகிடி

அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டு மேசையில் இருந்தபடியே, வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றின் முழுநீள அனிமேஷன் படத்துக்கு நான் கடல் வரைந்தேன். ஒரு அலை உடைந்து கரையில் பரவி முடிய ஒரு மாதம் போகும். "படம் கீறுறது ஒரு உத்தியோகமோ?" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்தப் படம் பெரிய திரைப்பட விருது ஒன்றின் இறுதிச் சுற்றுக்குப் போனதும் அவர் மாறினார். விழா எங்களுக்குக் காலையில் தொலைக்காட்சியில் வந்தது. துறைமுக வேலைக்கு லீவு போட்டு, அயலவர்களைக் கூப்பிட்டுக் கதிரை போட்டு இருத்தினார்.

எங்கள் அனிமேஷன் பிரிவை அறிவிக்க வந்த நடிகர் ஏதோ சொன்னார். மண்டபமே சிரித்தது. எங்கள் வீட்டில் ஆங்கிலம் விளங்கியது எனக்கு மட்டும்தான்.

"என்ன பிள்ளை சொல்லுறார்?" அப்பா ஆவலாகக் கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். வாய் முந்திவிட்டது.

"இந்தப் படங்களைப் போட்டுவிட்டாப் பிள்ளையள் பாத்துக்கொண்டிருப்பினம், பெரியாக்கள் போய் நித்திரை கொள்ளலாமாம்."

முதலில் சிரித்தது அப்பாதான். "அது உண்மைதானே!" என்று தொடையில் தட்டினார். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே திரையில் என் அலை வந்து, உடைந்து, போய்விட்டது. ஒருவரும் பார்க்கவில்லை.

படம் வென்றது. பக்கத்து வீட்டு மாமி தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, "அப்ப பெரியாக்களின்ர பரிசு எப்ப குடுப்பினம்?" என்று கேட்டார்.

"இனித்தான், மாமி" என்றேன்.

அந்த நடிகரை நான் திட்டி அலுத்துவிட்டேன். என்னை அவருக்குத் தெரியாது. அவருடைய பகிடி எங்கள் வீட்டுக்குள் வர ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த வேலையை ஒரு சொல்லும் பிசகாமல் செய்து கொடுத்தது நான்தான்.