அக்காவுக்கு ஒரு எலுமிச்சம்பழக் கேக்

இட்லிக் குண்டானைத் தூக்கிக்கிட்டு கேக் டின் வாங்கப் போனவ மதுரையில நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். திருநகர்ல பஸ் ஏறும்போதே கண்டக்டர், "என்னக்கா, இட்லிக் கடை போடுறீங்களா?"ன்னாரு. "இல்லண்ணே, கேக்கு"ன்னேன். ஒரு மாதிரியாப் பார்த்துட்டு டிக்கெட்டைக் குடுத்தாரு. விளக்குத்தூண் பக்கத்துல ஒரு பாத்திரக் கடையில உக்காந்து, ஒவ்வொரு டின்னா எடுத்து குண்டானுக்குள்ள இறக்கி இறக்கிப் பார்த்தேன். டின்னு நீளம், குண்டானு வட்டம். தலை நுழைஞ்சா கால் நுழையல. கடைசியா ஒரு குட்டி டின்னு கச்சிதமா உள்ள போயி உக்காந்துச்சு பாருங்க, கடையிலேயே கையைத் தட்டிட்டேன்! கடைக்காரரு, "புள்ளைக்குப் பிறந்தநாளாக்கா?"ன்னாரு. "எங்க அக்காவுக்கு"ன்னேன்.

ஆமா, இம்புட்டுப் பாடும் எங்க அக்காவுக்காகத்தான்.

அவளை மாதிரி ஒரு கறிப்பைத்தியத்தை நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. கறிதோசை தின்கிறதுக்குன்னே விளாங்குடியில இருந்து டவுனுக்குள்ள வருவா. தின்னுட்டு, போற வழியில கொறிக்க ஒரு பார்சலும் கட்டிக்கிட்டுப் போவா. அப்பேர்ப்பட்டவ, என் பிரசவத்துல ரத்தம் நிக்காமப் போயி டாக்டரம்மா கையை விரிச்ச அன்னைக்கு, ஆட்டோவைப் பிடிச்சு வண்டியூர் மாரியம்மன் கோயிலுக்கு ஓடியிருக்கா. "ஆத்தா, என் தங்கச்சியையும் புள்ளையையும் குடுத்துரு, இனிமே கவிச்சியை வாயில வைக்க மாட்டேன்"னு வேண்டிக்கிட்டா. ஆத்தா குடுத்துட்டா. அக்காவும் விட்டுட்டா. கறி, மீனு, முட்டை, எல்லாத்தையும். அந்தப் புள்ளை இப்ப பிளஸ் டூ படிக்கிறா.

என் மக பிறந்தநாளுக்கு வருசா வருசம் கேக் வெட்டுவோம். அவ முதத் துண்டை எடுத்துக்கிட்டு நேரா பெரியம்மா வாய்க்குத்தான் போவா. பெரியம்மா சிரிச்சுக்கிட்டே வாயை மூடிக்கிருவா. "முட்டை இருக்கும் தங்கம், நீ சாப்பிடு"ம்பா. முட்டை இல்லாத கேக்குன்னு கேட்டு வாங்கிட்டு வந்தாலும் நம்ப மாட்டா. "முட்டை பப்ஸை எடுத்த கைதானே இதையும் எடுத்துச்சு? முட்டைக் கேக்கு வெந்த தட்டுலதானே இதுவும் வெந்துச்சு?"ம்பா. நியாயந்தான். ஆனா எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும். எங்க ரெண்டு பேரு உசுருக்காக விட்டவ, எங்க வீட்டு விசேசத்துலயே ஓரமா நின்னு கையைத் தட்டிட்டுப் போறா!

போன மாசம் அவளுக்கு அம்பது வயசு. அன்னைக்கு அவ வாய்க்குள்ள ஒரு துண்டு கேக்காவது போயே ஆகணும்னு நான் ஒத்தக்கால்ல நின்னேன். போன்ல பார்த்த வீடியோவுல எல்லாரும் குக்கர்ல வச்சாங்க. எங்க வீட்டுக் குக்கர்ல வாராவாரம் ஆட்டுக்கறி வேகுது. ஓவன் கிடையாது. கவிச்சி படாத பாத்திரம்னு வீடு பூராத் தேடினா, இட்லிக் குண்டான் ஒண்ணுதான் சுத்தபத்தமா நின்னுச்சு. அதான் அதைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சேன்.

பிறந்தநாளு ஞாயித்துக்கிழமை வந்துச்சு. காலையில எங்க வீட்டுக்காரரு கறி வாங்கப் பையை எடுத்தாரு. பிடுங்கி ஆணியில மாட்டினேன். "இன்னைக்கு இந்த வாசலைத் தாண்டி ஒரு கவிச்சியும் வரக்கூடாது"ன்னுட்டேன். மனுசன் முகம் தொங்கிப் போச்சு. போகட்டும், ஒரு வாரம் கறி தின்னாட்டி என்ன கெட்டுப் போச்சு?

குண்டானுக்கு அடியில கல்லுப்பைக் கொட்டி அடுப்புல சூடேத்தினேன். எலுமிச்சம்பழத்தோட மேல்தோலை மட்டும் பூப்போலத் துருவிச் சர்க்கரையில போட்டுப் பிசைஞ்சேன். அடேயப்பா, என்னா வாசம்! வீடே ஆளு மாறிப் போச்சு. ரூம்ல படிச்சுக்கிட்டு இருந்த மக, "அம்மா, என்னம்மா இது!"ன்னு எந்திரிச்சு ஓடியாந்தா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. மைதாவைச் சலிச்சேன். முட்டை இல்லாம எங்க உப்பப் போகுதுங்கிற பயத்துல சமையல் சோடாவை ஒரு கை கூடவே போட்டேன். அப்பத்தான் அந்த வேலை நடந்துச்சு. எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாலே நம்ம கை தானா மஞ்சப்பொடி டப்பாவுக்குப் போகுமே, சோறு கிளறிக் கிளறிப் பழகின கை! வீடியோவுல பளிச்சுன்னு மஞ்சளா இருந்துச்சு, நம்மளது வெளுத்துக் கிடக்கேன்னு அரை ஸ்பூன் அள்ளிப் போட்டுட்டேன். எண்ணெயையும் வெதுவெதுப்பான பாலையும் ஊத்திக் கலக்கினேன்.

கலக்கக் கலக்க மாவு சிவக்குது!

ஆத்தாடி! குங்குமத்தைக் கொட்டின மாதிரி செக்கச்செவேல்னு வருது. வீட்டுக்காரரு எட்டிப் பார்த்துட்டு, "என்னடி, மாப்பிள்ளை பொண்ணு வாறாங்களா? ஆரத்தி கரைச்சு வச்சிருக்க?"ன்னாரு. கறி போன கோவம் அவருக்கு. எனக்கு அழுகையே வந்துருச்சு. சிவப்பாக் கேக்கு வச்சா அக்கா தொடுவாளா? என்னமோ ஏதோன்னு மறுபடியும் வாயை மூடிக்கிருவா. வேற மைதாவும் இல்ல. "கொட்டிட்டு வேற வேலையப் பாரு"ன்னாரு. "நீங்க வாயை மூடுங்க"ன்னு கத்திட்டு, இருந்த கோவத்துல பிழிஞ்சு வச்சிருந்த சாறு மொத்தத்தையும் ஒரே ஊத்தா ஊத்தினேன்.

புஸ்ஸுன்னு பொங்குச்சு. பொங்கின இடமெல்லாம் மஞ்சள்! கரண்டியை ஒரு சுத்து சுத்தினேன், இன்னும் மஞ்சள். மக துள்ளிக் குதிச்சா. "அம்மா, சட்டையில பட்ட மஞ்சக்கறை சோப்பு போட்டாச் செவக்குமே, அதேதாம்மா! சோடா செவக்க வச்சுச்சு, எலுமிச்சம்பழம் திருப்பிருச்சு! இன்னும் பிழிம்மா!" அங்கங்க செவப்பு நின்னுச்சு. வீட்டுல இருந்த பழத்தையெல்லாம் வெட்டு வெட்டுன்னு வெட்டிப் பிழிஞ்சேன். கடைசிச் சொட்டுக்கு மாவு சாமந்திப்பூவா நின்னுச்சு. நுரை அடங்குறதுக்குள்ள டின்னுல ஊத்திக் குண்டானுக்குள்ள இறக்கி மூடிட்டேன். மூடியைத் திறக்கக் கூடாதுன்னு தெரியும். ஆனாலும் பக்கத்துலயே நின்னு மோந்து மோந்து பார்த்துக்கிட்டு இருந்தேன். திறந்தப்ப நடுவுல வெடிச்சு, கும்முன்னு உப்பி, என்னைப் பார்த்துச் சிரிச்சுச்சு. நான் போட்ட கூச்சல்ல மாடி வீட்டுக்காரங்க எட்டிப் பார்த்தாங்க.

சாயங்காலம் அக்கா வந்தா. நான் வாசல்லயே ஆரம்பிச்சுட்டேன். டின்னு புதுசு, வெந்தது இட்லிக் குண்டானுல, மாவு கலக்கின சட்டியும் கரண்டியும் புதுசு, இன்னைக்கு வீட்டுல முட்டையும் இல்ல, கறியும் இல்லன்னு மூச்சு விடாம ஒப்பிச்சேன். "கத்தி?"ன்னா. "அதுவும் புதுசுக்கா!"ன்னேன். அவ கேக்கைச் சுத்திச் சுத்திப் பார்த்தா. அம்பது வயசுல முதமுதலா, எங்க எல்லாருக்கும் நடுவுல நின்னு, கேக்கு வெட்டினா. என் மக ஒரு துண்டை எடுத்து நீட்டினா. பழக்கதோசம், அக்கா உதடு மூடிக்கிச்சு. அப்புறம் மெதுவா வாயைத் திறந்தா.

திறந்து, மென்னு, கண்ணு ரெண்டையும் இறுக்கி மூடினா. "அடியேய்! எம்புட்டுப் பழத்தைடி பிழிஞ்ச? பல்லு கூசுதுடி!"

போச்சு, எல்லாம் போச்சுன்னு நின்னேன். அவ தானாவே இன்னொரு துண்டை எடுத்தா. அதையும் கண்ணை மூடிக்கிட்டே தின்னா. அப்புறம் இன்னொண்ணு. வீட்டுக்காரரு கையை நீட்டினாரு. அக்கா தட்டைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டா.

"கையை எடுங்க தம்பி. இது என் கேக்கு."

சேலை எடுக்கப் போனா நல்ல கலரை எனக்குத் தள்ளி விடுறவ அவ. கறி தின்ன காலத்துல கூட நல்லி எலும்பை என் தட்டுல போட்டவ. 'என்னுது'ன்னு அவ வாயில ஒரு சொல்லு வந்து நான் கேட்டதே இல்ல. எனக்கு அம்புட்டு சந்தோசம். மக கெஞ்சிப் பார்த்தா, பெரியம்மா மசியல. மிச்சத்தைச் சோத்து டப்பாவுல போட்டு மூடி, விளாங்குடிக்கு எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

அந்தக் கேக்கு எப்படி இருந்துச்சுன்னு எங்க மூணு பேருக்கும் இன்னை வரைக்கும் தெரியாது.