வண்டி நின்ற இடம்

அந்த வரைபடத்தைப் போட்டது நான்தான். பிறகு நடந்த கூட்டங்களில் "சிஸ்டம் காட்டுது" என்றே எல்லோரும் சொன்னதால், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எந்தத் தீயணைப்பு நிலையத்தில் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டுத் தரும் வேலை எங்கள் சிறிய நிறுவனத்துக்கு வந்தது. தாம்பரத்தைச் சுற்றியுள்ள சில நிலையங்கள் என் பங்கு. சேலையூரில் வளர்ந்தவள், ஊர் தெரியும் என்று என்னிடம் கொடுத்தார்கள். ஊர் தெரிந்தும் ஏமாந்தேன் என்பதுதான் இன்றைக்கும் எரிச்சல்.

நிலையப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துத் தட்டச்சு செய்தோம். முகவரி என்ற இடத்தில் "டீக்கடை எதிரில்", "சர்ச் பின்புறம்", "பழைய ரேஷன் கடை அருகில்" என்று இருக்கும். அந்த ரேஷன் கடை இப்போது இல்லை, எங்கே இருந்தது என்பதில் இரண்டு கருத்து. நேரங்கள் எல்லாமே ஐந்திலோ பூஜ்யத்திலோ முடிந்தன. நெருப்புக்கு அவ்வளவு ஒழுங்கு உண்டென்று எனக்கு அதுவரை தெரியாது. எல்லாவற்றையும் சரிசெய்ய ஒரு மாதம் போனது.

கடைசியில் வரைபடம் வந்தபோது, ஒரு நிலையத்துக்கு மட்டும் தீப்பிடித்த இடங்களைக் காட்டும் சிவப்புப் புள்ளிகள் ஏறக்குறைய எல்லாமே மெயின் ரோட்டின் மேல் வரிசையாக விழுந்திருந்தன. வண்டி போய்ச் சேர்ந்த நேரமும் பிரமாதம். அகலமான சாலையில் இவ்வளவு சீக்கிரம் போகிறவர்களுக்கு ஒரு ஷிஃப்டில் எட்டுப் பேர் எதற்கு? ஐந்து போதும், மூன்று பேரைப் படப்பைப் பக்கம் மாற்றலாம் என்று எழுதினேன்.

"சூப்பர்மா! டேட்டா பேசுது பாரு," என்றார் எங்கள் மேலாளர்.

பதிவேடுகளைத் திருப்பிக் கொடுக்கத்தான் அந்த நிலையத்துக்குப் போனேன். ரசீதில் கையெழுத்துப் போட வந்த மூத்த வீரர் ஒருவர் என் மடிக்கணினியை எட்டிப் பார்த்தார்.

"இன்னா மேடம், நெருப்பு பூரா மெயின் ரோட்லயே எரிஞ்சிகினு கீது? தெருவுக்குள்ள யாரும் சமைக்கிறதே இல்லியா?"

"நீங்க எழுதினதுதானே அண்ணா?"

"வண்டி எங்க நிக்குதோ அதத்தான் எழுதுவோம். நின்னவுடனே மைக்குல ஸ்பாட்டுக்கு வந்துட்டோம்னு சொல்லிடுவோம். வூட்டு வாசல்ல போய் நிக்க இது இன்னா ஷேர் ஆட்டோவா?"

எதிர்த் தெருவுக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். முகப்பில் நகர் நலச் சங்கம் கட்டிய வளைவு. பெயர் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று தாழ்த்தியே கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் வண்டி நுழையாது. அதைத் தாண்டினால் உறை போட்டு மாதக்கணக்கில் நிற்கும் ஒரு கார், அதற்கும் மேலே தொங்கும் கேபிள் ஒயர்கள். பள்ளி நாட்களில் தினமும் சைக்கிளில் அந்த வளைவின் கீழே போனவள் நான். சைக்கிளுக்கு அது உயரமாகத்தான் இருந்தது.

"அப்ப உள்ளே எப்படிப் போவீங்க?"

"ஹோஸைச் சுருட்டித் தோள்ல போட்டுக்கினு ஓட வேண்டியதுதான். எத்தினி ஹோஸ் போட்டோம்னு ரிஜிஸ்டர்ல கடைசி கட்டத்துல எழுதிக்கீறமே, பாக்கலியா?"

பார்த்தேன். தேவையற்றது என்று முதல் வாரமே நீக்கியிருந்தேன்.

அலுவலகத்துக்குத் திரும்பி, பக்கங்களின் படங்களைத் திறந்து ஹோஸ் எண்ணிக்கை இருந்த அந்தக் கட்டத்தை மறுபடி சேர்த்தேன். ஒரு ஹோஸ் பதினைந்து மீட்டர். நான்கு, ஏழு, ஒன்பது என்று எண்கள் வந்தன. மெயின் ரோட்டுப் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தெருக்களுக்குள் நகர்ந்தன. ஐந்து பேர் என்று நான் எழுதியதையும் மறுபடி போட்டுப் பார்த்தேன். ஓட்டுநர் பம்பை விட்டு நகரக் கூடாது. தலைமை ஏற்பவர் ஒருவர். ஹோஸின் முனையைப் பிடிக்க இருவர். மிச்சம் இருக்கும் ஒரே ஆள் ஒன்பது ஹோஸைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அதுவரை உள்ளே வீடு எரிந்துகொண்டிருக்கும்.

"மேப் நல்லா வந்திருக்கும்மா, இப்பப் போய் ஏன் கிளறுற?" என்றார் மேலாளர். நான் கிளறினேன்.

கூட்டத்தில் ஒரு மணி நேரம் வளைவையும் ஹோஸையும் விளக்கினேன். தீயணைப்புத் துறை அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ முதல் ரிப்போர்ட் தப்பா?"

"ஆமா சார். நான் போட்டது தப்பு. எட்டுப் பேரும் வேணும்."

அவர் மேலாளரைப் பார்த்தார், மேலாளர் கூரையைப் பார்த்தார். "முதல்ல மூணு பேரை எடுக்கலாம்னீங்க, இப்ப யாரையும் எடுக்கக் கூடாதுங்கறீங்க. சரி, நடுவுல வச்சு ஒருத்தரை மட்டும் எடுப்போம்," என்றார் அதிகாரி. வாழைக்காய் பேரம் போல முடிந்தது. கூட்டக் குறிப்பில் "தரவு ஆய்வின் அடிப்படையில் ஒருவர்" என்று எழுதினார்கள். அந்த எண் என் ஆய்வில் எங்கேயும் இல்லை, அந்தச் சொற்களை நீக்க வேண்டும் என்று மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்றாவதற்குப் பிறகு சொற்களை நீக்கிவிட்டார்கள். ஆளையும் எடுத்துவிட்டார்கள்.

அந்த மூத்த வீரருக்கு நானே போனில் சொன்னேன்.

"ஒருத்தர்தானே, சமாளிப்போம் மேடம்," என்றார். பிறகு சிரித்தார். "உங்க தெருவுல எதுனா புடிச்சா மட்டும் நீங்களும் வந்து ஒரு ஹோஸ் தூக்குங்க."

அந்த வளைவுக்கு உள்ளே இருக்கும் எங்கள் தெருவுக்கு ஏழு ஹோஸ். சங்கச் செயலாளரிடம் வளைவைப் பற்றி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த பொதுக்குழுவில் பார்க்கலாம் என்கிறார்.